நம்மூர்ப் பங்கு: அதன் நியாய விலை என்ன?
(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

முன்னுரை

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பெரியோர் வாக்கு. ஆற்றிலே போடுவதை மரக்காலால் அளக்கலாம். பங்குச் சந்தையிலே போடுவதை எதனால் அளப்பது? இந்தக் கேள்வி எங்கள் வகுப்பில் எழுந்து, ஒரு வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பீரியடுகளையும் எடுத்துக்கொண்டது. அன்று நாங்கள் கற்றுக்கொண்டதைத் தங்கைமாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கேள்வி எழுந்த விதம்

எங்கள் வகுப்பில் இராஜபாளையத்திலிருந்து வருவோரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவோரும் ஏறத்தாழச் சரிபாதி. இராஜபாளையத் தோழி ஒருத்தியின் அப்பா நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதியும் கிராஜுவிட்டியும் சேர்ந்து கைக்கு வந்தன. அவளுடைய அக்காவை அடுத்த ஆண்டு நர்ஸிங் கல்லூரியில் சேர்க்க வேண்டும். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு மாமா ஒருவர் வந்து, "வங்கியிலே போட்டு என்ன கிடைக்கப் போகிறது? நம்மூர்க் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்கு இப்போது மலிவு. மொத்தத்தையும் அதிலே போடுங்கள், இரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. அவள் கணக்கு வகுப்பில் எழுந்து நின்று, "சிஸ்டர், ஒரு பங்கு மலிவா, கிராக்கியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டாள்.

சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. "ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இராஜபாளையத்துப் பிள்ளைகள் 'விலை நியாயமே' என்று பேசுங்கள். வில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் 'விலை அதிகமே' என்று பேசுங்கள். ஆனால் ஊர்ப் பெருமையைக் கொண்டு பேசக் கூடாது, கணக்கைக் கொண்டு பேச வேண்டும்" என்றார்.

அது எந்தக் கம்பெனி?

அந்த மாமா சொன்னது ராம்கோ சிஸ்டம்ஸ் லிமிடெட் என்ற மென்பொருள் நிறுவனம். இராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936-இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார்கள். அந்தக் குழுமம் பின்னர் சிமெண்டு, கூரைத் தகடு என்று வளர்ந்தது. 1992-இல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஒரு பிரிவாக மென்பொருள் வேலை ஆரம்பமாயிற்று. 1997-இல் அதற்கெனத் தனிக் கம்பெனி பதிவாயிற்று. அதன் பதிவு அலுவலகம் இன்றும் இராஜபாளையம் பி.எஸ்.கே. நகரில் இருக்கிறது. பொறியாளர்கள் பெரும்பாலும் வேலை செய்வது சென்னையில்.

அவர்கள் விற்பது மூன்று வகை மென்பொருள். கம்பெனிகளின் கொள்முதல், சரக்கு, கணக்கு ஆகியவற்றை ஒன்றாக நடத்துவது ஒன்று. பல நாட்டு ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடுவது மற்றொன்று. விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பழுது பார்த்துப் பராமரிக்கும் வேலையை நடத்துவது மூன்றாவது. பஞ்சாலைச் சங்கு ஊதும் ஊரில் பதிவான கம்பெனியின் மென்பொருள் எங்கோ அயல்நாட்டு விமானக் கொட்டகையில் ஓடுகிறது என்று அறிந்தபோது, வில்லிபுத்தூர்த் தோழிகளும் கை தட்டினார்கள். "கை தட்டியது போதும், கணக்குக்கு வாருங்கள்" என்றார் சிஸ்டர்.

விலை வேறு, மதிப்பு வேறு

முதலில் எங்களுக்கு இருந்த ஒரு தவறான எண்ணத்தைச் சிஸ்டர் திருத்தினார். பங்கு ஒன்றின் விலை 400 ரூபாய், இன்னொரு கம்பெனியின் பங்கு 4,000 ரூபாய் என்றால் முதலாவது மலிவு என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது தவறு. ஒரு தட்டுப் பால்கோவாவைப் பத்துத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டின் விலை அதிகம், நூறு துண்டாக வெட்டினால் குறைவு. தட்டு ஒன்றேதான். எனவே பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, முழுத் தட்டின் விலையைத்தான் பார்க்க வேண்டும்.

இக்கம்பெனிக்கு மூன்றரைக் கோடிக்குச் சற்று அதிகமான பங்குகள் உண்டு. பங்கு விலையோ அன்றாடம் மாறுவது. ஆகவே கணக்குக்காக ஒரு பங்கு 400 ரூபாய் என்றும், மொத்தம் 3.7 கோடிப் பங்குகள் என்றும் வைத்துக்கொண்டோம். பெருக்கினால் 1,480 கோடி ரூபாய். முழுத் தட்டின் விலை அதுதான். பெரிய தொகையாகத் தோன்றினாலும், லட்சக்கணக்கான கோடி பெறும் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்றவற்றின் பக்கத்தில் இது சிறிய கம்பெனியே.

அடுத்து, மதிப்பு என்பது என்ன? இதற்குச் சிஸ்டர் மாட்டுச் சந்தையை உதாரணம் காட்டினார். கறவை மாட்டை அதன் கொம்பழகுக்காகவா வாங்குகிறோம்? அது இனிக் கறக்கப் போகும் பாலுக்காக வாங்குகிறோம். தீவனச் செலவு போக அந்தப் பால் எவ்வளவு மிச்சம் தரும் என்பதுதான் மாட்டின் மதிப்பு. துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துத் தரகர் முடிக்கும் தொகையோ விலை. விலையும் மதிப்பும் சில நாள் ஒத்துப்போகும், சில நாள் ஒத்துப்போகா.

இலாபம் ஒழுங்காக வரும் கம்பெனி கறவை மாடு. இலாபம் இன்னும் நிலைக்காத கம்பெனி, கன்று ஈனாத கிடேரி. கறவை மாட்டுக்கு விலை சொல்வது எளிது. கிடேரிக்கு விலை சொல்வதிலேதான் சந்தையில் சண்டை வருகிறது. எங்கள் வகுப்பிலும் அப்படியே வந்தது.

'நியாயமே' என்ற கட்சி

இராஜபாளையத் தோழிகள் நான்கு காரணங்கள் சொன்னார்கள்.

முதலாவது, இந்த வகை மென்பொருளை ஒருமுறை வாங்கிய நிறுவனம் எளிதில் மாற்றாது. சம்பளக் கணக்கையும் விமானப் பராமரிப்புப் பதிவேட்டையும் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வீடு மாறுவதைவிடப் பெரிய தொல்லை. ஆகவே வாடிக்கையாளர் ஆண்டுதோறும் சந்தா கட்டிவருவர்.

இரண்டாவது, செலவு முன்னால் வருவது, வரவு பின்னால் வருவது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் முதலியவை பெரும்பாலும் ஆட்களின் உழைப்பு நேரத்தை விற்பவை. அங்கே வேலை நடந்ததும் கூலி வருகிறது. சொந்த மென்பொருள் செய்பவர்களோ பல ஆண்டு சம்பளம் கொடுத்து எழுதி முடித்த பின்புதான் விற்க முடியும். ஆனால் எழுதி முடித்ததை நூறு பேருக்கு விற்றாலும் ஆயிரம் பேருக்கு விற்றாலும் கூடுதல் செலவு குறைவு.

மூன்றாவது, 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நஷ்டம் முந்தைய ஆண்டைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. கிடேரி சினை பிடித்துவிட்டது என்றார்கள்!

நான்காவது, ஆண்டு விற்பனை ஐந்நூறு கோடிக்கு மேல். கணக்குக்கு 600 கோடி என்று கொண்டால், முழுத் தட்டின் விலையாகிய 1,480 கோடி அதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. உலகத்தில் நன்றாக நடக்கும் மென்பொருள் நிறுவனங்கள் பலவும் தம் விற்பனையைப்போல் இதைவிட அதிக மடங்குக்கு விலை போகின்றன. ஆகையால் இது அதிக விலை அன்று.

'அதிகமே' என்ற கட்சி

வில்லிபுத்தூர்த் தோழிகள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களும் நான்கு காரணங்களோடு வந்திருந்தார்கள்.

முதலாவது, விற்பனை என்பது பால் அல்ல, தீவனத் தொட்டியையும் சேர்த்த அளவு. 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டில் கம்பெனிக்கு இலாபம் வந்தது. அதற்குப் பின் வந்த மூன்று ஆண்டுகளிலும் நஷ்டம். அவற்றுள் 2023, 2024 மார்ச்சில் முடிந்த இரண்டு ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் இருநூறு கோடிக்கு மேல் நஷ்டம். நஷ்டம் குறைந்தது என்பது இலாபம் வந்தது என்பதாகாது.

இரண்டாவது, நஷ்டத்தை ஈடுகட்டப் பணம் வேண்டும். அதற்காகப் புதிய பங்குகள் வெளியிட்டால் அதே தட்டு இன்னும் அதிகத் துண்டாகும். முன்பு மூன்று கோடியளவில் இருந்த பங்குகள் இன்று மூன்றரைக் கோடியைத் தாண்டியுள்ளன. பழைய பங்குதாரரின் துண்டு சிறுத்துவிட்டது. (அவ்வாறு புதிதாகப் பணம் போட்டவர்களில் கம்பெனியை நடத்தும் குழுமமும் உண்டு, அது நம்பிக்கைக்கு அடையாளம் அல்லவா என்று இராஜபாளையக் கட்சி இடைமறித்தது. சிஸ்டர் அதையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டார்.)

மூன்றாவது, போட்டி. எதிரே நிற்பவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஜெர்மனியின் எஸ்.ஏ.பி., அமெரிக்காவின் ஆரக்கிள், வொர்க்டே, ஏ.டி.பி. போன்ற மலைகள்.

நான்காவது, ஆராய்ச்சிச் செலவை எழுதும் முறை. இது எங்களுக்குப் புதிய பாடம். பால்கோவா போடுபவர் பெரிய இரும்புச் சட்டி ஒன்றை 30,000 ரூபாய்க்கு வாங்குகிறார், அது பத்து ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்தத் தொகை முழுவதையும் அந்த மாதச் செலவில் எழுதுவதில்லை. ஆண்டுக்கு 3,000 என்று பிரித்து எழுதுவார். அது சரியே. மென்பொருள் கம்பெனியும் தன் பொறியாளர் சம்பளத்தில் ஒரு பகுதியை 'உருவாக்கிய சொத்து' என்று கணக்கில் வைத்து, பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதக் கணக்கியல் விதிகள் இடம் கொடுக்கின்றன. இக்கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் அவ்வாறு எழுதப்பட்ட சொத்து இருக்கிறது. இதில் தவறில்லை. ஆனால் இரும்புச் சட்டியை ஒரு கடை விட்டு இன்னொரு கடைக்கு விற்கலாம். வாங்குவார் இல்லாத மென்பொருளை என்ன செய்வது? ஆதலால் இலாப நஷ்டக் கணக்கை மட்டும் பாராமல், அந்த ஆண்டு கைக்கு வந்த ரொக்கம் எவ்வளவு, போன ரொக்கம் எவ்வளவு என்ற பக்கத்தையும் புரட்ட வேண்டும் என்றார்கள்.

கரும்பலகைக் கணக்கு

இரு கட்சியும் பேசி முடித்ததும் சிஸ்டர் சாக்குக் கட்டியை எடுத்தார். "மதிப்பு எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். கேள்வியைத் திருப்பிப் போடுவோம். 1,480 கோடி என்ற விலை நியாயமாக இருக்க வேண்டுமானால், இக்கம்பெனி ஆண்டுக்கு எவ்வளவு இலாபம் சம்பாதிக்க வேண்டும்?"

இதற்கு நாங்கள் படித்த பெருக்குத் தொடர் வரிசையே போதுமானதாக இருந்தது. வங்கியில் போட்டால் ஆபத்தின்றி ஏழு சதவீத அளவில் வட்டி கிடைக்கிறது என்றால், ஆபத்தைச் சுமப்பவர் 12 சதவீதமாவது கேட்பார். ஓர் ஆண்டு கழித்து வரும் 112 ரூபாய், இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். இலாபம் ஆண்டுதோறும் 5 சதவீதம் வளர்கிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒவ்வோர் ஆண்டு இலாபத்தின் இன்றைய மதிப்பும், முந்தைய ஆண்டினதைப்போல் 1.05 / 1.12 பங்கு. இது ஒன்றைவிடக் குறைவு. ஆகவே முடிவில்லாத தொடர் வரிசைக்கும் கூடுதல் உண்டு! சூத்திரத்தில் போட்டுச் சுருக்கினால்,

மதிப்பு = முதலாண்டு இலாபம் ÷ (0.12 − 0.05)

என்று வருகிறது. மதிப்பு 1,480 கோடி என்றால் முதலாண்டு இலாபம் 1,480 × 0.07 = 103.6 கோடி. ஏறத்தாழ 104 கோடி ரூபாய். விற்பனை 600 கோடி என்றால், நூறு ரூபாய் விற்பனையில் 17 ரூபாய்க்கு மேல் மிஞ்ச வேண்டும்.

வகுப்பு அமைதியாயிற்று. இலாபம் வந்த 2021-ஆம் ஆண்டில்கூட அது அறுபது கோடியை எட்டவில்லை. ஆகவே அந்த விலை இன்றைய பாலுக்குக் கொடுப்பதன்று, நாளை கறக்கும் என்ற நம்பிக்கைக்குக் கொடுப்பது.

உடனே இராஜபாளையத் தோழி ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், வளர்ச்சி 5 சதவீதம் என்று நாம்தானே வைத்துக்கொண்டோம்? 8 என்று வைத்தால்?" என்று கேட்டாள். போட்டுப் பார்த்தோம். 1,480 × 0.04 = 59.2 கோடி போதும்! வளர்ச்சியை மூன்று எண் மாற்றியதில் தேவையான இலாபம் 104-இலிருந்து 59-ஆக இறங்கிவிட்டது. "இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். கணக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் கணக்குக்குள் நாம் போடும் ஊகம் சிறிது அசைந்தாலும் விடை வெகுவாக அசைகிறது. அதனால்தான் ஒரே பங்கைப் படித்த இருவர், ஒருவர் மலிவு என்றும் மற்றவர் கிராக்கி என்றும் சொல்கிறார்கள். இருவருமே முட்டாள்கள் அல்லர்" என்றார் சிஸ்டர்.

விலை ஏன் குதிக்கிறது?

2020 மார்ச்சில், கொரோனா அச்சத்தில் சந்தை முழுவதும் விழுந்தபோது, இந்தப் பங்கு நூறு ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2021 தொடக்கத்தில் ஐந்நூறுக்கும் மேலே இருந்தது. பிறகு மீண்டும் பாதிக்கு வந்தது. ஓராண்டுக்குள் கம்பெனி ஐந்து மடங்கு பெரிதாகிவிட்டதா? இல்லை. மாறியது ஊகம். மேலும், சிறிய கம்பெனியின் பங்குகளை வாங்கி விற்போர் குறைவு. நாலு பேர் மட்டும் வரும் சந்தையில் ஒருவர் அவசரப்பட்டாலும் விலை ஏறி இறங்கும்.

இங்கே வில்லிபுத்தூர்த் தோழி ஒருத்தி நல்ல உதாரணம் சொன்னாள். நம் பக்கத்துத் தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. அதுவும் மென்பொருள் கம்பெனிதான். ஆனால் அதன் பங்குகள் சந்தையில் விற்கப்படுவதில்லை. ஆகவே தினமும் யாரும் விலை கூவுவதில்லை. கூவாததால் அதற்கு மதிப்பு இல்லாமல் போய்விட்டதா? வேலை நடக்கிறது, மென்பொருள் விற்கிறது. தினசரி விலை என்பது கம்பெனிக்கு வெளியே நடக்கும் பேச்சு, மதிப்போ உள்ளே நடக்கும் வேலை என்று அவள் முடித்தபோது, இரு கட்சியுமே கை தட்டினோம்.

தீர்ப்பு

வாக்கெடுப்பு நடந்தது. 'அதிகம்' என்று 18 பேர், 'நியாயம்' என்று 16 பேர். ஐந்து பேர் கை தூக்கவேயில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எங்களால் சொல்ல முடியவில்லை சிஸ்டர்" என்று பயந்தபடியே சொன்னார்கள். சிஸ்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "பங்குச் சந்தையில் இந்த மூன்றாவது பெட்டியும் உண்டு. தெரியவில்லை என்றால் வாங்காமல் இருக்கலாம், அதற்கு அபராதம் கிடையாது" என்றார்.

பிறகு கேள்வி கேட்ட தோழியைப் பார்த்து அவர் சொன்னதுதான் எங்கள் மனத்தில் நிற்கிறது. "உன் அப்பாவுக்கு முன் இருப்பவை இரண்டு கேள்விகள். விலை நியாயமா என்பது ஒன்று. இந்தப் பணம் அதற்கு உரிய பணமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை 'ஆம்' என்றே வந்தாலும், அந்த நியாயம் வெளிப்பட ஐந்தாண்டு ஆகலாம். கல்லூரியோ ஜூன் மாதம் கட்டணம் கேட்கும். நம் மதிப்பீடு சரியா என்று சந்தை பொறுமையாகப் பார்க்கும். அக்கா பொறுத்திருக்க முடியுமா?"

முடிவுரை

இக்கட்டுரை எவருக்கும் எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு மாணவியருக்கு அந்தத் தகுதியும் இல்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்வோர் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். 1988-இல் ஏற்பட்டு 1992-இல் சட்டபூர்வ அதிகாரம் பெற்ற செபி, முதலீட்டாளர்களைக் காப்பதற்காகவே இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா நல்லவர்தாம். ஆனால் 'இரண்டு வருஷத்தில் இரட்டிப்பு' என்பதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

நாங்கள் கற்றவை இவை: ஒரு பங்கின் விலையைப் பார்க்காதே, முழுத் தட்டின் விலையைப் பார். விற்பனையோடு நிற்காதே, மிச்சத்தைப் பார். மிச்சத்தோடு ரொக்கத்தையும் பார். அந்த விலைக்கு எவ்வளவு நம்பிக்கை தேவைப்படுகிறது என்று கணக்கிடு. ஊர்ப் பாசம் உயர்ந்தது, ஆனால் அது இலாப நஷ்டக் கணக்கில் ஒரு வரி அன்று.

அந்தத் தோழி கரும்பலகைக் கணக்கை அப்படியே நோட்டில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை கேட்டாராம். மறு வாரம் அக்காவின் படிப்புப் பணம் அஞ்சலகத்தில் வைப்புத் தொகையாயிற்று. மீதி வங்கிக்குப் போயிற்று. கடைசியில் அவர், "நம்மூர்ப் பேர் இருக்கிறதே, ஒரேயடியாக விடவும் மனமில்லை" என்று சொல்லி ஐந்தே ஐந்து பங்குகள் வாங்கினாராம். "ஆண்டறிக்கை வரும்போது நீ எனக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும்" என்பது மகளுக்கு அவர் போட்ட நிபந்தனை.

இப்போது அவள்தான் எங்கள் வகுப்பிலேயே கணக்கில் மிகுந்த அக்கறை காட்டுபவள். விலை நியாயமா, அதிகமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. பஸ்ஸில் போகும்போதும் தொடர்கிறது. ஆனால் ஆற்றிலே போடுமுன் அளக்கும் மரக்கால் ஒன்று எங்கள் கையில் கிடைத்துவிட்டது. அது போதும்.